'தி ரோக் சாங்' முழுப்படம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், எனக்கு 7,400 ரூபாய் போச்சு

இன்று காலைதான் கடைசி பதில் வந்தது, பணம் திரும்பக் கிடையாதாம். 7,400 ரூபாய். ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசும்படம் வந்த புதிதில், மேடையில் ஓடிய ஆபரேட்டாக்களை (பாட்டும் வசனமும் கலந்த இலகுவான இசை நாடகங்கள்) ஹாலிவுட் வரிசையாகப் படமாக்கியது. அந்தப் படங்கள் என்றால் எனக்கு உயிர். 'தி ரோக் சாங்' 1930-இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ எடுத்தது, இசையமைப்பாளர் லெஹாரின் 'ஜிப்சி லவ்' ஆபரேட்டாவைத் தழுவியது, முழுக்க டெக்னிகலர் என்கிற கலர் முறையில், ஆபரா பாடகர் லாரன்ஸ் டிபெட்தான் கதாநாயகன். இன்று படம் இல்லை, சில துண்டுகளும் ட்ரெய்லரும்தான் மிச்சம். ஆனால் ஒலி முழுசாக இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்குப் பல தியேட்டர்களுக்கு ஒலியைத் தனியாக 16 அங்குல இசைத்தட்டில் அனுப்பினார்கள், அந்தத் தட்டுகள் பிழைத்துவிட்டன. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேனே, அதுதான் தாங்கவில்லை.

பழைய பொருட்களை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்கிற ஒரு ஆன்லைன் தளம். "முழுப்படம், கலரில், ஐரோப்பாவில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்த பிரதி" என்று ஒருவன் விற்பனைக்குப் போட்டிருந்தான். உடனே நம்பவில்லை, கேள்வி மேல் கேள்வி கேட்டேன். சளைக்காமல் பதில் சொன்னான். இயக்கியது லயனல் பாரிமோர் என்றான், அந்தத் தட்டில் ஊசி உள்ளேயிருந்து வெளியே நகரும் என்றான். இதைச் சொல்கிறவன் இந்த விஷயத்தில் ஊறிய ஆள் என்றுதானே தோன்றும்? "மதிப்புத் தெரிந்த உங்களுக்குத்தான் சார் கொடுப்பேன்" என்றும் சொன்னான், அந்த நிமிடமே 7,400 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

வந்து சேர்ந்த வீடியோ டிஸ்க்கைப் போட்டேன். டிபெட்டின் குரல் அறையை நிறைத்தது. திரையில் அவருடைய ஒரே ஒரு ஸ்டில், கன்னத்தில் ரோஸ் கலர் பூசி, அசையாமல் நின்றது. சரி, டைட்டில் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து அடுத்த ஸ்டில், அதன் மூலையில் யாருடைய பெயரையோ அரைகுறையாக அழித்த தடம். நடுவில் புயலில், இந்தப் படத்தில் வரும் நகைச்சுவை ஜோடி லாரலும் ஹார்டியும் குகைக்குள் ஓடும் காட்சி மட்டும் மூன்று நிமிடம் போல அசைந்தது. ரசிகர்கள் எல்லோரும் ஏற்கெனவே பார்த்த அதே துண்டு!

கேட்டால் முதலில் "உங்க ப்ளேயர் கோளாறு" என்றான். அப்புறம் "விளம்பரத்தை ஒழுங்காகப் படிங்க" என்றான். போய்ப் பார்த்தால் 'முழுப்படம்' என்பது 'முழு ஒலி' என்று மாறியிருக்கிறது! தளத்துக்கு ஐந்து முறை எழுதினேன், ஐந்து முறையும் ஒரே பதில்: பொருள் வந்து சேர்ந்துவிட்டது, விவரம் பொருந்துகிறது, பிரித்த டிஸ்க்கைத் திரும்ப எடுக்க மாட்டோம். அந்த 7,400 ரூபாய்க்காக மூன்று மாதம் சேர்த்தேன் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பணம் அனுப்பும் முன் விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், நான் எடுக்கவில்லை. இதே வகைப் படமான 'ரியோ ரீட்டா' 1929-இல் வந்தபடி 15 ரீலும் இருக்கிறது என்றால் பொய், மிஞ்சியது வெட்டிய 10 ரீல்தான். 1929-இன் 'தி டெசர்ட் சாங்' கலர் பகுதிகளோடு என்றாலும் பொய், கருப்பு வெள்ளைதான் இருக்கிறது. அதைத்தான் அந்த ஆள் நேற்று விற்பனைக்குப் போட்டிருக்கிறான், "ஒரிஜினல் கலரில்" என்று.