‘ஃபுல் லினக்ஸ் பென்டிரைவ்’ வாங்கப் போறீங்களா? முதலில் இதைப் பாருங்க

“256 ஜிபி, உபுண்டு முழுசா இன்ஸ்டால் பண்ணியது, எந்த லேப்டாப்பிலும் ஓடும்” என்று சொல்லி விற்ற டிரைவ். (உபுண்டு என்பது லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்.) உள்ளே இருந்தது இன்ஸ்டாலே இல்லை. லைவ் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பார்க்கும், மாற்ற முடியாத நகல்), கூடவே நம் மாற்றங்களைச் சேமிக்க 4 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பெர்சிஸ்டன்ஸ் ஃபைல், அவ்வளவுதான். பார்ட்டிஷன் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டம் என்பதால் ஒரு ஃபைல் அதற்கு மேல் வளராது. மீதி இடம் பேருக்குத்தான்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடும். பிறகு அப்டேட் போட்டால், படிக்க மட்டுமான மீடியா என்பதால் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ (பூட் ஃபைலைப் புதுப்பிக்கும் கட்டளை) முடக்கப்பட்டிருக்கிறது என்று டெர்மினலில் ஒரு வரி வரும். புது கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இறங்கி இடத்தைத் தின்னும். பூட் ஆவதோ ஐஎஸ்ஓவில் இருக்கும் பழைய கெர்னல்தான். 4 ஜிபி நிரம்பினதும் லாகின்கூட ஆகாது. விற்றவரைக் கேட்டால், “அப்டேட் பண்ணாம யூஸ் பண்ணுங்க சார்” என்று பதில்.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். டெர்மினலில் ‘டிஎஃப் -ஹெச்’ (df -h) அடித்து, ரூட் (/) மவுன்ட் ஆன வரியைப் பாருங்கள். உண்மையான இன்ஸ்டால் என்றால் ‘எஸ்டிபி2’ (sdb2) மாதிரி ஒரு பார்ட்டிஷன் பெயர் இருக்கும். ‘கௌ’ (cow) என்று இருந்தால் அது லைவ்.

கொள்ளளவும் பொய்யாக இருக்கலாம். டிரைவை அழித்து ஃபார்மேட் செய்து, கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 கருவியின் எஃப்3ரைட் (f3write) கொண்டு முழுசாக நிரப்பி, எஃப்3ரீட் (f3read) ஓட்டுங்கள். ‘டேட்டா லாஸ்ட்’ வரியில் ஜிபி கணக்கு வந்தால் போலி. ரிட்டர்ன் கேட்க அந்த ஸ்கிரீன்ஷாட் போதும்.

நாமே போட்டுக்கொள்வதுதான் நல்லது, ஆனால் அதிலும் ஒரு குழி உண்டு. உபுண்டு 22.04 இன்ஸ்டாலரில் பூட்லோடருக்குப் (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் புரோகிராம்) பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும், உபுண்டுவின் பூட்லோடரான கிரப் போய் உட்காருவது லேப்டாப் டிஸ்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட் ஃபைல்கள் இருக்கும் பகுதி). பென்டிரைவைக் கழற்றினால் விண்டோஸுக்குப் பதில் வெறும் ‘கிரப்>’ வரும். பதற வேண்டாம், பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் வந்துவிடும். முன்கூட்டியே தவிர்க்க, பயாஸில் உள் டிஸ்கை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். அந்த வசதி இல்லையென்றால் டிஸ்கையே கழற்றிவிடுங்கள். பென்டிரைவில் ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் டேபிள், 512 எம்பி ஃபேட்32 இஎஃப்ஐ பார்ட்டிஷன், மீதி முழுக்க லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். முடிந்ததும் கிரப்-இன்ஸ்டாலை (grub-install) ‘--ரிமூவபிள்’ (--removable) ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதுதான் வேறு லேப்டாப்பில் செருகினாலும் பூட் ஆகும்.

செக்யூர் பூட்டை (நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) அணைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். உபுண்டு ஓட அதை அணைக்கத் தேவையில்லை. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) போட்ட லேப்டாப்பில் அதை அணைத்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும்.