வட் இஃப்: 26 அத்தியாயங்களும் எங்கள் வீட்டு விறாந்தையும்

ரொறன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் 2025 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, மருமகன் தன்னுடைய டப்லெட்டில் மார்வல் நிறுவனத்தின் ‘வட் இஃப்...?’ தொடரின் 3 பருவங்களையும் பதிவிறக்கிக்கொண்டு வந்திருந்தான். மாலைத் திருவிழா பார்த்து, வீடு வந்து சாப்பிட்ட பிறகு, கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் பார்க்கத் தொடங்கினோம். திருவிழா 25 நாள், அத்தியாயங்கள் 26 என்பதால் கணக்கும் ஏறக்குறையச் சரியாகவே வந்தது. மருமகனுக்கு 15 வயது, மருமகளுக்கு 12. இவர்களோடு அம்மா, சின்ன மாமா, மார்வல் படம் ஒன்றையும் தவறவிடாத பக்கத்து வீட்டுப் பல்கலைக்கழகத் தம்பி, நான். இந்த மதிப்புரை அந்த ஆறு பேரின் மனநிலைகளையும் சேர்த்தே எழுதப்படுகிறது. தனியாகப் பார்த்திருந்தால் இத்தொடரை நான் இவ்வளவு மதித்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

தொடரின் அடிப்படை எளிமையானது. மார்வல் திரைப்படங்களில் நாம் ஏற்கனவே பார்த்த கதையில் ஒரேயொரு நிகழ்வை மாற்றிவிட்டு, அதன்பின் உலகம் எப்படிப் போயிருக்கும் என்று காட்டுகிறார்கள். 1977இல் இதே பெயரில் தொடங்கிய சித்திரக்கதை இதழ்தான் இதற்கு மூலம். எல்லா உலகங்களையும் பார்க்கக்கூடிய, ஆனால் எதிலும் தலையிடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கும் ‘வொச்சர்’ கதைசொல்லியாக வருகிறார். அவருக்குக் குரல் கொடுத்திருக்கும் ஜெஃப்ரி ரைட், புராணம் படித்துப் பயன் சொல்பவர்களின் நிதானத்தோடு பேசுகிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. எனினும் அந்தக் குரல் வரும்போதெல்லாம் அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

முதல் அத்தியாயம் 2021 ஓகஸ்ட் 11இல் வெளியானது. கப்டன் அமெரிக்கா ஆகவேண்டிய ஸ்டீவ் ரொஜர்ஸுக்குப் பதிலாகப் பெக்கி கார்ட்டர் உடலை வலுவாக்கும் மருந்தை ஏற்றுக்கொண்டு வீராங்கனையாகிறாள். மருமகளுக்கு அன்றிலிருந்து கப்டன் கார்ட்டர்தான் எல்லாம். ஆனால் பக்கத்து வீட்டுத் தம்பி அன்றிரவே ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். “இது ஒண்டும் கணக்கில வராது தங்கச்சி. உண்மையான கதையில இது நடக்கேல்லத்தானே?” மார்வல் இரசிகர்களிடையே இந்த முறைப்பாடு பொதுவாக உண்டு. பிரதான திரைப்படங்களின் கதையை மாற்றாத ஒன்றுக்கு ஏன் அழவேண்டும், ஏன் மகிழவேண்டும் என்பது அவர்களின் வாதம். அடுத்த சில இரவுகள் எங்கள் விறாந்தையில் ஓடியது அந்த வழக்குத்தான்.

இரண்டாம் அத்தியாயத்திலேயே தம்பியின் வாதம் சற்று ஆட்டம் கண்டது. கற்பனை நாடான வகாண்டாவின் இளவரசன் டிச்சாலாவைச் சிறுவயதில் விண்வெளிக் கொள்ளையர் தவறுதலாகத் தூக்கிச் சென்றுவிடுகிறார்கள். வளர்ந்து ஸ்டார் லோர்ட் என்ற விண்வெளி வீரன் ஆகும் அவன், தன் நல்ல மனதாலும் வாய்ப்பேச்சாலும், பாதி அண்டத்தையே அழிக்க நினைத்த தானோஸின் மனதைக்கூட மாற்றிவிடுகிறான். அவனுக்குக் குரல் கொடுத்த சட்விக் போஸ்மன் 2020 ஓகஸ்ட் 28இல் காலமானார். அத்தியாயம் வெளியானது ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு. இந்தக் குரல் நடிப்புக்காக 2022இல் அவருக்கு மரணத்துக்குப் பின்னான எமி விருது கிடைத்தது. இறுதியில் அவருக்கான அஞ்சலி திரையில் வந்தபோது தம்பி எதுவும் பேசவில்லை. இறந்துவிட்ட ஒருவர், தான் நடித்த பாத்திரத்தின் வாழாத வாழ்க்கை ஒன்றுக்குச் சிரித்த முகத்தோடு குரல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதைக் கணக்கில் வராது என்று தள்ளிவிட முடியவில்லை.

ஓவியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கச் சஞ்சிகைகளுக்கு அட்டைப்படம் வரைந்த லையென்டெக்கரின் பாணியை அடியொற்றி முகங்களை அமைத்திருக்கிறார்கள். கன்னத்தில் வெளிச்சம் ஒரு பட்டையாக விழுகிறது, தாடையில் நிழல் வெட்டிவிட்டதுபோல நிற்கிறது. நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு காட்சியும் சுவரில் மாட்டத்தக்கதாக இருக்கும். ஓடவிட்டுப் பார்க்கும்போது மட்டும், நெருங்கிய முகங்கள் பேசுகையில் உதடு அசையும் அளவுக்குக் கண் அசைவதில்லை. அந்த விறைப்பு எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

இனி நான்காவது அத்தியாயம். 2016இல் வந்த திரைப்படத்தில் டொக்டர் ஸ்ட்ரேஞ்சின் கைகள் கார் விபத்தில் நொறுங்குகின்றன. அந்த இழப்புத்தான் அவரை மந்திரக் கலைக்கு இட்டுச் செல்கிறது. இங்கே கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரில் கூட வந்த கிறிஸ்டீன் இறந்துபோகிறாள். காலத்தைத் திருப்பும் வித்தையைக் கற்ற ஸ்ட்ரேஞ்ச், அந்த இரவுக்கு மறுபடியும் மறுபடியும் போகிறார். வேறு பாதையால் ஓட்டிப் பார்க்கிறார், அந்தப் பயணத்தையே தவிர்த்துப் பார்க்கிறார்; ஒவ்வொரு முறையும் அவள் வேறொரு விதத்தில் இறக்கிறாள். அது மாற்ற முடியாத புள்ளி என்று அவருடைய குரு சொல்கிறார். அவர் கேட்கவில்லை. தொலைந்துபோன நூலகம் ஒன்றைத் தேடிச் சென்று, நூற்றாண்டுக் கணக்காகப் படித்து, கண்ட உயிர்களையெல்லாம் தனக்குள் இழுத்து வலிமை பெருக்கி, கடைசியில் அவளை மீட்கிறார். அந்தக் கணத்தில் உலகம் முழுவதும் உருகிவிடுகிறது. ஒரு சிறு கண்ணாடிக் குமிழிக்குள், அவள் கையிலிருந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு அவர் மட்டும் மிஞ்சுகிறார். சுமார் அரை மணித்தியாலத்துக்குள் இவ்வளவையும் அவசரமில்லாமல் சொல்லி முடித்திருக்கிறார்கள். வெற்றியையோ ஆறுதலையோ ஒட்டவைக்காமல் முடித்த அந்தத் துணிச்சலுக்காகவே இந்த அத்தியாயத்தை முழுத் தொடரிலும் முதலிடத்தில் வைக்கிறேன்.

அன்று அம்மா பனங்காய்ப் பணியாரம் சுட்டிருந்தார். சின்ன மாமா அதில் ஒன்றைக் கையில் எடுத்தவர், கடிக்காமலே வைத்திருந்தார். விரலில் எண்ணெய் மினுங்கியது. தொலைந்துபோன நூலகம் என்று மருமகள் அம்மாவுக்கு மொழிபெயர்த்தபோதுதான் மாமா முதலில் நிமிர்ந்தார் (1981இல் யாழ் பொது நூலகத்தின் 97,000 நூல்களை எரியக் கொடுத்த ஊரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை). ஆனால் அவரைப் பிடித்துவைத்தது நூலகம் அல்ல. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் தாத்தா வரமாட்டேன் என்று திண்ணையில் இருந்துவிட்டார். மாமா பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். மறு ஆண்டு திரும்பி வந்தபோது தாத்தா இல்லை. காலையிலேயே வெளிக்கிட்டிருந்தால், ஆளைத் தூக்கிக் கரியரில் வைத்திருந்தால் என்று அவர் சொல்லிக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

அத்தியாயம் முடிந்ததும் மாமா மருமகளிடம், “அந்தக் குரு என்னெண்டு சொன்னவ பிள்ளை?” என்று கேட்டார். “மாத்தேலாத புள்ளி எண்டு சொன்னவ, தாத்தா” என்றாள் அவள். சற்று நேரம் இருந்துவிட்டு, “ஐயா எப்பிடியும் வெளிக்கிட்டிருக்கமாட்டார்” என்றார். அதற்குப் பிறகுதான் பணியாரத்தைக் கடித்தார். அன்றிலிருந்து தம்பி, கணக்கில் வராது என்ற பேச்சை எடுக்கவேயில்லை.

முதற் பருவத்தின் மற்றவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். பிணங்கள் எழுந்து நடக்கும் அத்தியாயம் மருமகனுக்கு மிகவும் பிடித்தது, எனக்கு அது வெறும் ஓட்டமும் துரத்தலும். தோர் தனிப்பிள்ளையாக வளர்ந்து லாஸ் வேகாஸில் கூத்தடிக்கும் கதையில் எல்லோரும் சிரித்தோம், மறுநாள் மறந்துபோனோம். அல்ட்ரோன் என்ற அழிவு இயந்திரம் வென்றுவிடும் எட்டாம் அத்தியாயம் வேறு தரம். கதை சொல்லிக்கொண்டிருக்கும் வொச்சர் இருப்பதை அல்ட்ரோன் உணர்ந்து, அவர் நிற்கும் பக்கம் கண்ணைத் திருப்பும் அந்தக் கணத்தில் அம்மாவே பயந்துவிட்டார்.

இரண்டாம் பருவத்தின் 9 அத்தியாயங்கள் 2023 டிசெம்பர் 22 முதல் நாளுக்கு ஒன்றாக வெளியாகின. அதில் ஆறாவது, கஹோரி என்ற பெண்ணின் கதை. இந்தப் பாத்திரம் சித்திரக்கதையில் இருந்து வந்ததன்று, தொடருக்கென்றே படைக்கப்பட்டது. விண்ணிலிருந்து விழுந்த டெசராக்ட் என்னும் பெருஞ்சக்திக் கல், ஐரோப்பியர் குடியேறுவதற்கு முந்திய வட அமெரிக்காவில், ஹோடினோஷோனி மக்களின் நிலத்து ஏரி ஒன்றுக்குள் போய்விடுகிறது. ஸ்பானியப் படையினர் துரத்த அந்த ஏரிக்குள் விழும் கஹோரி வேறோர் உலகில் கண்விழித்து, வலிமை பெற்று, சிறைபிடிக்கப்பட்ட தன் மக்களை மீட்கத் திரும்பி வருகிறாள். பாத்திரங்கள் பெரும்பாலும் மோஹோக் மொழியிலேயே பேசுகின்றன. குரல் கொடுத்த டெவரி ஜேக்கப்ஸும் மோஹோக் இனத்தவரே.

இந்த ஓர் இரவில் மட்டும் மருமகள் மொழிபெயர்ப்பை நிறுத்தினாள். அவளுக்கும் புரியவில்லை, தம்பிக்கும் புரியவில்லை, அம்மாவுக்கும் புரியவில்லை. கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே வரிசையில் இருந்தோம். “இதென்ன பாஷை? கேட்க வடிவா இருக்கு” என்றார் அம்மா. மருமகள் பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னாள்: ரொறன்ரோ என்ற பெயரே இந்த மொழியிலிருந்து வந்ததாம், தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம் என்று பொருளாம். முப்பது வருடமாகக் கடித உறைகளிலும் பொதிகளிலும் எழுதி எழுதிக் கை பழகிப்போன அந்தப் பெயர் யாருடைய சொல் என்று எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பேசுவோர் சில ஆயிரம் பேரே எஞ்சியிருக்கும் ஒரு மொழிக்கு, இவ்வளவு பணம் புரளும் ஒரு நிறுவனம் ஓர் அத்தியாயம் முழுவதையும் விட்டுக்கொடுத்திருக்கிறது. அதுவும் அருங்காட்சிப் பொருளாக அல்ல. அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் கேலி செய்யும் மொழியாக, கோபப்படும் மொழியாக. தமிழில் வாழ்கிற எவரும் இதை அலட்சியமாகப் பார்க்கமுடியாது என்று நம்புகிறேன்.

மூன்றாம் பருவம் 2024 டிசெம்பரில் 8 அத்தியாயங்களோடு வந்து தொடரை முடித்துவைத்தது. தம்பிக்கு இதில் கடும் கோபம், எனக்கும் மனவருத்தம். இராட்சத இயந்திரங்களுக்குள் ஏறிச் சண்டையிடும் வீரர்கள், ஹவர்ட் என்ற வாத்தின் திருமணம், 1872ஆம் ஆண்டு மேற்கத்தியக் குதிரைக் கதை என்று ஒவ்வொன்றும் வேடிக்கையாகத்தான் தொடங்குகிறது. ஆனால் ஒரு நிகழ்வு மாறியதால் யார் எதை இழந்தார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. ஸ்ட்ரேஞ்சின் கதையில் ஒரு கார்ப் பயணம் மாறியதற்கு உலகமே விலையாகப் போனது. இங்கே உலகம் முழுவதும் மாறியும் எவருக்கும் எதுவும் ஆகவில்லை. முற்றிலும் புதியவர்கள் இந்தப் பருவத்திலிருந்து தொடங்கவேண்டாம். முதற் பருவத்தின் 2ஆம், 4ஆம், 8ஆம் அத்தியாயங்களையும் இரண்டாம் பருவத்தின் 6ஆம் அத்தியாயத்தையும் பார்த்துவிட்டு, விருப்பம் வந்தால் மீதிக்குப் போகலாம். திரைப்படங்களைப் பார்த்திராத பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கதை சொல்ல ஒருவர் வேண்டும். கஹோரிக்கு அதுவும் தேவையில்லை.

கடைசி இரவு இறுதி அத்தியாயத்தைப் பார்ப்பதாகத்தான் இருந்தது. அம்மா அந்த ஏரிப் பிள்ளையின் கதையை இன்னொருக்கால் போடச் சொன்னதால், 26ஆவது தங்கிவிட்டது. அதைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில், பின் இருக்கையில், மருமகளும் மருமகனும் நானும் நெருக்கிக்கொண்டு பார்த்தோம். கஹோரியும் அதில் திரும்பி வருகிறாள். கப்டன் கார்ட்டர் தன் தோழிகளைக் காப்பாற்றத் தன்னையே கொடுக்கும் காட்சியை இன்னும் இரண்டு நிமிடம் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். வந்த வேகத்திலேயே கடந்துபோய்விட்டது. ஆனையிறவைத் தாண்டும்போது மருமகள் டப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, சங்குப்பிட்டிப் பாதையால் போயிருந்தால் முடிவதற்குள் தூங்கியிருப்பேனா மாமா என்று கேட்டாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.