பாண்டர், ரூமினேட், டெலிபரேட், கன்டெம்ப்ளேட்: எதை எங்கே எழுதலாம்?

அகராதியைப் புரட்டினால் இந்த நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் கிடைக்கும்: ஆழ்ந்து சிந்தி. அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் இலக்கணம் கெடாது, ஆனால் அர்த்தம் பிசகிவிடும். வேலை கிடைத்த ஒருவர் நிறுவனத்துக்கு எழுதிய பதில் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தேன். ‘உங்கள் அழைப்பைப் பற்றி ஒரு வாரம் ரூமினேட் செய்தேன்’ என்று அதில் இருந்தது. நிதானமாக யோசித்தேன் என்று சொல்லத்தான் அவர் நினைத்தார். ஆங்கிலம் பழகிய காதுக்கோ, ஒரு வாரம் மனசைப் போட்டு உழப்பிக்கொண்டார் என்று கேட்கும்.

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். அவற்றில் பெரியதன் பெயர் ரூமென். அங்கே போன தீவனத்தை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதுதான் ரூமினேட். நாமும் ‘அசைபோடுதல்’ என்று அதே மாட்டைத்தான் பார்த்துச் சொல்கிறோம். ஆனால் சுவை வேறு. ஊர் நினைவுகளை அசைபோட்டேன் என்றால் தமிழில் அது இனிப்பு. ஆங்கிலத்திலும் பழைய எழுத்து நடையில் அந்த நிதானம் உண்டு. பிறகு உளவியல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. சோர்வைப் பற்றியே திரும்பத் திரும்ப நினைப்பது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்சீமா 1991-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்தப் பழக்கத்துக்கு அவர் வைத்த பெயர் ருமினேஷன். இப்போது அன்றாடப் பேச்சிலும் அந்த நிழல் விழுகிறது. அசைபோடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு ரூமினேட் என்று மாற்ற வேண்டாம்.

பாண்டரும் டெலிபரேட்டும் எடை போடுகிற சொற்கள். லத்தீனில் பாண்டுஸ் என்றால் எடை, லிப்ரா என்றால் தராசு. பவுண்ட் நாணயத்தின் பெயர் முதல் சொல்லின் குடும்பம். அதன் குறியீடான கோடு போட்ட எல், லிப்ராவின் முதலெழுத்து. நகைக்கடையில் நாம் கேட்கும் ‘பவுன்’ வரைக்கும் அந்த உறவு நீள்கிறது. சீர்தூக்குதல் என்ற நம் சொல்லிலும் தராசுக்கோல்தான் இருக்கிறது. குறளே ‘சீர்தூக்கும் கோல்’ என்கிறது.

அப்படியானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பாண்டர் பெரும்பாலும் தனி ஆளின் வேலை. கெடு கிடையாது, விடை கிடைக்காமலும் முடியலாம். டெலிபரேட் ஒரு முடிவை நோக்கியே நகரும். அநேகமாகப் பலர் கூடிப் பேசியிருப்பார்கள். தீர்ப்புக்கு முன் ஜூரி அறைக்குள் போய்ச் செய்வது அது. 1946 டிசம்பர் முதல் 1949 நவம்பர் வரை நம் அரசியல் நிர்ணய சபை அரசியல் சட்டத்துக்காகச் செய்ததும் அதுவே. அங்கே பாண்டர் என்று எழுதினால் உறுப்பினர்கள் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததுபோல் ஆகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: டெலிபரேட் பெயரடையாக வந்தால் ‘வேண்டுமென்றே செய்த’ என்று பொருள். அப்போது கடைசி அசை ‘ரெட்’ என்று சுருங்கி ஒலிக்கும்.

கன்டெம்ப்ளேட்டில் கண் இருக்கிறது. சகுனம் பார்க்க ரோமானியர்கள் வகுத்துக்கொண்ட இடம் டெம்ப்ளம். அங்கே நின்று பறவைகளைக் கவனித்தார்கள். கடலையோ ஓவியத்தையோ பார்த்தபடி லயித்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இந்த நான்கில் இல்லை. ஆனால் ஒரு செயலோடு சேர்ந்தால் பாதி முடிவெடுத்த தொனி வந்துவிடும். ‘ஐ ஆம் கன்டெம்ப்ளேட்டிங் ரிசைனிங்’ என்று மேலாளரிடம் சொன்னால், அவர் உங்கள் இடத்துக்கு ஆள் தேட ஆரம்பிப்பார்.

இந்த நான்கோடு குழம்பக்கூடிய இன்னொரு சொல் ப்ரூட். அது கோழி அடைகாப்பதிலிருந்து வந்தது. மனிதர்மேல் வரும்போது முகம் இருண்டிருக்கும். தொழில் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை.

அந்தக் கடிதத்துக்கு நான்கில் எதுவுமே ஒத்துவரவில்லை. பாண்டர் போட்டிருந்தால் தயக்கம் தெரியும், டெலிபரேட் போட்டிருந்தால் வீட்டில் கூட்டம் போட்டதுபோல் இருக்கும். ‘ஐ ஹேவ் கன்சிடர்ட் யுவர் ஆஃபர் கேர்ஃபுல்லி’ என்று மாற்றிக் கொடுத்தேன்.