அப்பா, அம்மாவுக்கு எந்த இடம் சரி? வில்லா, கட்டண இல்லம், அசிஸ்டட் லிவிங்: ஓர் அலசல்

இடம் பார்க்கப் போகும் பிள்ளைகள் சாப்பாடு, கோயில், தோட்டம் எல்லாம் விசாரிக்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: பெரியவர் படுக்கையில் விழுந்துவிட்டால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா?

கோவையைச் சுற்றி நிறைய இருக்கிற, முதியோருக்கென்றே கட்டிய சீனியர் லிவிங் வில்லாக்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சங்கடம்தான். நடமாட்டத்தோடு இருக்கும் தம்பதிக்கு அவை அருமையான இடம். பொதுச் சமையலறை, வீடு கூட்ட ஆள், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ், பேச்சுத்துணைக்கு அதே வயதுக்காரர்கள். ஆனால் உடம்பு முடியாமல் போனால், பல இடங்களில் கவனிப்புக்குத் தனியாக ஆள் வைத்துத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும். பின்னால் நீங்கள் வில்லாவை விற்கும்போதும் வாங்குபவருக்கு வயது நிபந்தனை இருக்கலாம். அதனால் முதலில் வாடகைக்கோ லீஸுக்கோ இருந்து பார்ப்பதே நல்லது. ஊர் வீட்டை விற்று அந்தப் பணத்தில் வில்லா வாங்குவதை அவசரப்பட்டுச் செய்யவே கூடாது.

கட்டண முதியோர் இல்லத்தில் முன்பணமும் மாதக் கட்டணமும்தான், சொத்து எதிலும் பணம் முடங்காது. துணையை இழந்து தனியாக இருப்பவருக்கு வில்லாவைவிட இதுவே பொருந்தும். ஒன்றைக் கவனியுங்கள்: ‘தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்’ என்ற நிபந்தனையோடு சேர்க்கும் இல்லங்கள் உண்டு. இடுப்பு எலும்பு முறிந்த மறுவாரமே ‘கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள்?

அசிஸ்டட் லிவிங்கில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, வேளைக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. செலவு அதிகம். மறதி நோய் முற்றியவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். இடம் பார்க்கப் போனால் கட்டிலில் நீங்களே படுத்து, அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா பாருங்கள். சக்கர நாற்காலி குளியலறைக் கதவுக்குள் நுழைகிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேர் டியூட்டியில் இருப்பார்கள்? மேனேஜர் சொல்வதோடு விடாமல், துணி மடித்துக்கொண்டிருக்கும் ஆயாவிடமும் கேளுங்கள். அப்புறம், முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டுக்கே நர்ஸ் வைப்பது பலரின் முதல் விருப்பம். ஆள் திடீரென்று நின்றால் ஓடிவர உள்ளூரில் ஒருவர் இருந்தால் மட்டுமே அது நடக்கும்.

கையில் காசில்லாதவர்களுக்கு இலவச இல்லங்கள் உண்டு; சாவித்திரி வைத்தி 1978-இல் சென்னையில் தொடங்கிய விச்ராந்தி அப்படிப்பட்டது. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில் இல்லம் அமைக்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வகை செய்கிறது. தேவைக்கு இந்த ஏற்பாடு எந்த மூலைக்கும் போதாது என்பது என் கருத்து. உங்கள் மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.