மலை ஸ்னோமொபைல்: எடையைப் பார்த்து வாங்கலாமா?

பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல்களில் ஒரு வண்டி 195 கிலோ, இன்னொன்று 203 கிலோ என்று விற்பனைத் தாளில் இருக்கும். அந்த எட்டுக் கிலோவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது உலர் எடை. பெட்ரோல், கூலன்ட், ஆயில் எதுவும் அதில் சேராது. 40 லிட்டர் டேங்க்கை நிரப்பினாலே 30 கிலோ ஏறிவிடும். கால் வைக்கும் ரன்னிங் போர்டிலும் சஸ்பென்ஷனிலும் உறையும் பனி தனிக் கணக்கு.

வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான டிராக் 154 அங்குலமா, 165 அங்குலமா? இங்கேதான் எடைக் கணக்கு தலைகீழாகும். டிராக் 11 அங்குலம் நீண்டால், அதில் பாதி தரையில் படியும். 15 அங்குல அகலத்துக்கு 80 சதுர அங்குலத்துக்கு மேல் கூடுதல் பரப்பு, ஏறக்குறைய 8 சதவீதம். ஆள், பெட்ரோல், பை எல்லாம் சேர்ந்து 340 கிலோ என்றால், பஞ்சுபோன்ற பனியில் வண்டியிலிருந்து 25 கிலோவை இறக்கியதற்கு இது சமம். நீளத்தால் வண்டியில் கூடும் எடையோ சில கிலோதான். ஆனால் நெருக்கமான மரங்களுக்கிடையே 165 சட்டென்று திரும்பாது. அங்கே 154 தான் சரி.

600 சிசி, 850 சிசி இன்ஜின்களுக்கு இடையே எடை வித்தியாசம் பெரிதில்லை. ஆனாலும் 600 கைக்கு லேசாக இருக்கும். உள்ளே சுழலும் பாகங்களின் எடை குறைவு, அதனால் வண்டி எளிதாகச் சாயும். சங்கடம் உயரத்தில் வரும். காற்று மெலிவதால் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். மொன்டானாவின் குக் சிட்டி 2,300 மீட்டரில் இருக்கிறது. அங்கே 125 குதிரைத்திறன் 600 நூறுக்கும் கீழே இறங்கிவிடும், 165 குதிரைத்திறன் 850 இல் 125 வரை மிஞ்சும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் டர்போ சில கிலோ கூடுதல்தான், ஆனால் உயரத்திலும் சக்தியை விட்டுக்கொடுக்காது. எப்போதும் 2,500 மீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கு அந்தக் கிலோக்கள் வீண் இல்லை. நான்கு ஸ்ட்ரோக் டர்போ வேறு கதை: உலர் எடையே 230 கிலோவைத் தாண்டும், அதிலும் பெரும்பங்கு முன்பக்கம்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரு சோதனையில் பார்த்துவிடலாம். கடையிலேயே ஒருபக்க ரன்னிங் போர்டில் நின்று, ஹேண்டில்பாரை உங்கள் பக்கம் இழுங்கள். எதிர்ப்பக்க ஸ்கீ (முன்னால் சறுக்கும் பலகை) சிரமமில்லாமல் மேலெழும்பினால், சரிவில் குறுக்கே போகும்போது கை சோர்ந்துபோகாது. எழும்ப மறுத்தால், தாளில் எத்தனை கிலோ குறைவாக இருந்தாலும் பயனில்லை.

எடையின் உண்மையான விலை தெரிவது வண்டி புதையும்போது. டிராக் வெறுமனே சுழன்றால் உடனே த்ராட்டிலை விடுங்கள். தொடர்ந்தால் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். ஸ்கீக்கு முன்னாலும் டிராக்குக்குப் பின்னாலும் பனியை வெட்டி எடுத்து, பின் பம்பரைப் பிடித்துத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஏறக்குறைய பாதி எடை கையில் வரும். தனியாகப் போகிறவர் இந்த இடத்துக்காகவே லேசான வண்டியைத் தேடலாம்.

எடை குறைக்கப் பணம் செலவழிக்கும் முன், கிளம்பும்போது தேவையான அளவு மட்டும் பெட்ரோல் நிரப்புங்கள். திரும்பி வரவும் கொஞ்சம் உபரி இருக்கட்டும். இடைவேளைகளில் உறைந்த பனியை ரப்பர் சுத்தியலால் தட்டிவிடுங்கள். பனிச்சரிவில் உயிர்காக்கும் மண்வெட்டி, ஆய்வுக் கம்பி, ட்ரான்ஸீவர் (புதைந்தவரின் இடத்தைக் காட்டும் கருவி), ஏர்பேக் இவற்றின் எடையை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள்.