எட்டு மாதம் தோப்பில் ஓட்டிய பழைய பவர் வீல்சேர்

மோட்டார் காயில் கட்டுவதுதான் என் தொழில். பொள்ளாச்சிப் பக்கம் முப்பது வருடமாகப் பம்பு செட்டு, கிரைண்டர், எதுவானாலும் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. பட்டறை வீட்டு முன்னறையிலேயே இருப்பதால் தொழில் நிற்கவில்லை. நின்றது தோப்புக்குப் போவதுதான். வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் 400 மீட்டர்தான். ஆனால் நடுவில் மூன்று வாய்க்கால், பாத்தி வரப்பு, விழுந்து கிடக்கும் மட்டை. கையால் தள்ளும் வீல்சேர் முதல் வாய்க்காலைத் தாண்டாது. தார் ரோட்டுக்கான பேட்டரி வீல்சேர் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். முன்சக்கரம் சின்னது, பத்தடியில் மண்ணில் புதைந்து, இரண்டு பேர் வந்து தூக்கினார்கள்.

அதனால் கரடுமுரடான தரைக்கென்றே செய்த பழைய வண்டி ஒன்று 48,000 ரூபாய்க்குக் கிடைத்தபோது விடவில்லை. உடுமலைப் பக்கம் ஒரு வீடு. இங்கிலாந்தில் இருக்கும் மூத்த மகன் அப்பாவுக்காகக் கப்பலில் அனுப்பியது. அப்பா ஒரு வருடம் ஓட்டியிருக்கிறார். "அவர் போனதுக்கப்புறம் ரெண்டு வருசமா அப்படியே நிக்குதுங்ண்ணா. ஓடுமா ஓடாதான்னு எனக்கே தெரியலைங்" என்றார் இளைய மகன். மறைக்காமல் சொன்னதற்காகவே நான் பேரம் பேசவில்லை. வண்டியின் கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே சொல்வதெல்லாம் இந்த வகை வண்டி எதற்கும் பொருந்தும்.

பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார், தடித்த டயர், முன்னால் பெரிய காற்றுச் சக்கரம், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டு 24 வோல்ட். பேட்டரியோடு சேர்த்து 140 கிலோ வரும். டாடா ஏஸிலிருந்து இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. சீட்டைத் தூக்கியதும் எலிக்கூடு. "ஏனுங்க, எலிக்கு வீடு வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

பழைய வண்டி என்றதும் எல்லோரும் மோட்டாரைத்தான் பார்க்கிறார்கள். நானும் காயில் கட்டுகிறவன், எனக்கும் கை அங்கேதான் போனது. ஆனால் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. நிலைக்காந்த டிசி மோட்டார். கார்பன் தூளை ஊதி, கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைத் துடைத்து, இடுக்குகளைச் சுரண்டியதோடு என் தொழில் முடிந்துவிட்டது. முப்பது வருட அனுபவத்துக்கு அரை மணி நேர வேலை. இந்த வண்டி ஓடிக் கெடவில்லை. நின்று கெட்டிருந்தது.

முதலில் பேட்டரி. இரண்டும் 3 வோல்ட்டுக்கும் கீழே. சார்ஜரை மாட்டினால் அது வேலையே தொடங்காது. எதிரில் பேட்டரி இருப்பதே அதற்குத் தெரியாது. சார்ஜர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சோதிப்பதற்கு மட்டும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு டிராக்டர் பேட்டரி வாங்கி மாட்டினேன். ஜாய்ஸ்டிக் உயிர் பெற்றது. மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்துவது பென்னி அண்டு கைல்ஸ் விஆர்2 என்ற கன்ட்ரோலர். அதில் பேட்டரி அளவு காட்டும் விளக்குகளே கோளாறையும் சொல்லும். ஒரு விளக்கு சிமிட்டினால் பேட்டரி, இரண்டு என்றால் இடது மோட்டார் இணைப்பு, நான்கு என்றால் வலது மோட்டார் இணைப்பு, ஏழு என்றால் ஜாய்ஸ்டிக். எனக்கு ஒன்பது சிமிட்டியது. ஒன்பது என்றால் பார்க்கிங் பிரேக் இணைப்பு.

இந்த பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான் என்று நினைக்கிறேன். இது கரண்ட் வந்தால் பிடிக்கும் பிரேக் அல்ல, கரண்ட் வந்தால் விடும் பிரேக். ஸ்பிரிங் எப்போதும் தட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். ஜாய்ஸ்டிக்கை அசைத்ததும் மோட்டார் வாலில் இருக்கும் காயிலுக்குக் கரண்ட் போய் 'டக்' என்று விடுவிக்கும். கையை எடுத்தால் மீண்டும் 'டக்'. மில்களில் பாரம் தூக்கும் ஹாய்ஸ்ட் மோட்டாரில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். கரண்ட் போனாலும் பாரம் கீழே வராது. இங்கே பாரம் நாம்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். இடது பிரேக் காயில் 45 ஓம் காட்டியது. வலதில் ஒன்றுமே இல்லை. காயில் எரிந்திருந்தால் கட்டிவிடலாம் என்று கொஞ்சம் ஆசையோடுதான் பிரித்தேன், அதுவும் நடக்கவில்லை. எலி வயரைக் கடித்திருந்தது, அவ்வளவுதான். வயரை ஒட்டு வைத்து ஸ்லீவ் போட்டதும் சிமிட்டல் நின்றது. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினேன். இரண்டு பக்கமும் 'டக்' கேட்டது, ஆனால் வலது மோட்டார் முனகுகிறது, சக்கரம் அசையவில்லை. காயில் இழுத்தும் தட்டு துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினேன். உதவிக்கு வந்த பையன் எண்ணெய் டப்பாவை எடுத்தான். "தம்பி, எல்லாத்துக்கும் எண்ணெய் விடலாம், இதுக்கு மட்டும் விட்றாதே" என்று கையைப் பிடித்தேன். அந்தத் தட்டில் ஒரு சொட்டு பட்டாலும் சரிவில் வண்டி நிற்காது.

பிரேக்கைக் கையால் விடுவித்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு நெம்புகோல் இருக்கும். அதைச் சமதரையில் மட்டும் தொடுங்கள். சரிவில் விடுவித்தால் வண்டியைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் இல்லை.

அப்புறம் கப்ளிங். மோட்டாருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்த் துண்டு வலது பக்கம் பொடிப்பொடியாகிவிட்டது. லேத்துப் பட்டறைக்காரர் நல்ல மனிதர், "இரும்புலயே செஞ்சுடறேனுங்க, ஆயுசுக்கும் போகாது" என்றார். வேண்டாம் என்றேன். சக்கரம் கல்லில் மோதினால் உடைய வேண்டியது அந்த மலிவான துண்டுதான். இரும்பு போட்டால் அடி நேராக கியர்ப் பல்லுக்குப் போகும், அது போனால் வண்டியே போயிற்று. நைலானில் இரண்டு ஜோடி கடைந்து கொடுத்தார். எட்டு மாதத்தில் ஒரு ஜோடியே ஓடுகிறது, இன்னொன்று டப்பாவில் இருக்கிறது. முன்சக்கர பேரிங்கும் அவரே மாற்றினார். எல்லாம் சேர்ந்து 2,600 ரூபாய். இந்த மொத்தக் கதையில் கணக்குக் கேட்காமல் நான் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஆங்கிள் கிரைண்டர் பிரஷை உரசிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அது 230 வோல்ட்டுக்கானது. 24 வோல்ட்டில் ஆம்பியர் அதிகம் ஓடும், செம்பு கலந்த பிரஷ்தான் தாங்கும்.

பேட்டரியில் நான் தோற்றேன். ஒரு கடையில் 75 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி வேண்டும் என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று யுபிஎஸ்ஸுக்குப் போடும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத எஸ்எம்எஃப் பேட்டரி இரண்டைத் தலையில் கட்டினார்கள். 13,000 ரூபாய். அது எப்போதாவது கரண்ட் போகும்போது கொஞ்ச நேரம் கொடுக்கச் செய்தது. தினமும் பாதிக்கு மேல் காலியாகி மறுபடி நிறையும் வாழ்க்கை அதற்கு ஒத்துவராது. நான்காம் மாதம் மோட்டார் ரூமுக்குப் போனேன், திரும்பி வரமுடியவில்லை. மச்சான் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தான், ஊரே பார்த்தது. பிறகு, தினமும் காலியாகி நிறைவதைத் தாங்கும் டீப் சைக்கிள் ஜெல் பேட்டரி, 24,000 ரூபாய். இன்வெர்ட்டருக்குப் போடும் தண்ணீர் ஊற்றும் பேட்டரி பக்கமே போகாதீர்கள், வண்டி சாய்ந்தால் ஆசிட் கொட்டும்.

லித்தியம் போடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடை பாதியாகும், உண்மைதான். ஆனால் இந்தக் கன்ட்ரோலரின் விளக்குகள் ஈய பேட்டரியின் வோல்ட்டை வைத்து அளவு சொல்பவை. லித்தியத்தில் கடைசி வரை நிறைய இருப்பதாகவே காட்டிவிட்டுத் திடீரென்று அணையும். அதைவிடப் பெரிய பயம் இறக்கம். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கே கரண்ட் திருப்பும். முழுசாகச் சார்ஜ் ஆன லித்தியம் பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் அந்த நேரம் இணைப்பைத் துண்டித்தால், நடு இறக்கத்தில் பிரேக் அடித்தாற்போல் பிடிக்கும், முன்னால் விழுவோம். கன்ட்ரோலரோடு ஒத்துப்போகும்படி செய்த பேட்டரி வந்தால் யோசிப்பேன்.

டயருக்கு ஆட்டோ மெக்கானிக் ஒருவர் வழி சொன்னார். ரிம் 8 அங்குலம், ஆட்டோ டயரும் 4.00-8 (அகலம் 4, ரிம் 8 அங்குலம்), மாட்டிவிடலாம் என்று. ரிம்மில் ஏறியது. ஆனால் வெளிவட்டம் இரண்டு அங்குலம் பெரிதாகி பேட்டரிப் பெட்டியில் உரசியது. கடைசியில் அசல் அளவான 3.00-8 ஆன்லைனில் வரவழைத்தேன். முதல் வாரமே மூன்று பஞ்சர், எல்லாம் சீமைக்கருவேல முள். தரைக்கேற்ற டயர் என்று போட்டிருந்தார்கள், எந்தத் தரை என்று போடவில்லை. இப்போது டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டுகிறேன், மாதம் ஒன்றோடு நிற்கிறது.

பழைய வண்டியின் குஷனை மட்டும் யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். இறுகிப்போன ஃபோமில் உட்கார்ந்து ஒரு புண் வந்தால் மூன்று மாதம் குப்புறப் படுக்க வேண்டும். வேலூர் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மையத்துக்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ், விபத்துக்குப் பின் வீல்சேரில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே சொன்ன மாதிரி இப்போதும் அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிவிடுகிறேன். வரப்பில் குலுங்கும் வண்டியில் குஷன் இன்னும் முக்கியம். காற்று அறைகள் உள்ள குஷன், 6,500 ரூபாய்.

சரி, ஓட்டம் எப்படி? காய்ந்த மண்ணில் அருமை. வாய்க்காலை நேராகத் தாண்டினால் முன்சக்கரம் குத்தி நிற்கும். திருப்பி, பின்பக்கமாக ஏற வேண்டும். பின்சக்கரம் முதலில் போய் முன்சக்கரத்தை இழுத்துக்கொள்ளும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். இளநி வெட்ட வந்தவர், "ஏனுங்ண்ணா, வண்டிய ஏன் பின்னாலயே ஓட்டறீங்க?" என்று கேட்டார். வரப்பின் மேல் பக்கவாட்டுச் சாய்வில் போகக்கூடாது, ஒருமுறை போய் உயிர் தொண்டைக்கு வந்தது. மழை பெய்து மண் குழைந்தால் நான்கு நாள் வண்டிக்கு ஓய்வு. ஜாய்ஸ்டிக் தலைக்கு எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டி வைத்திருக்கிறேன். ஒரு முழு சார்ஜில் ரோட்டில் 18 கிலோமீட்டர் போனது, தோப்பில் அதில் பாதி.

ஏற்றுக்கூலி 3,500, டயர் 9,200 எல்லாம் சேர்த்து 1,06,800 ரூபாய் ஆகியிருக்கிறது. பேட்டரியில் ஏமாந்த 13,000 அதிலேயே அடக்கம். வண்டிக்குப் பத்துக்கு எட்டு. அந்த பேட்டரிக் கடைக்கு மதிப்பெண் இல்லை.

ஒரு குறை பாக்கி. வலது கால்மிதி தாழ்வாக இருக்கிறது, மட்டையில் மாட்டிக்கொள்கிறது. போன வாரம் மோட்டார் ரூம் வாசலில் மாட்டி, குனிந்து மட்டையை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் ஸ்டார்ட்டரைப் போட்டேன். இரண்டு அங்குலம் உயர்த்தினால் போதும். வெள்ளிக்கிழமை லேத்துக்காரர் வரச் சொல்லியிருக்கிறார்.