தேடலில் வந்த எண்ணா, கணக்கெடுப்பு அட்டவணையா?

விக்கிப்பீடியாவில் தர்மபுரி மாவட்டத்தின் மக்கள்தொகையை எழுத வேண்டும். தேடினால் ஏதாவது ஒரு தளம் நொடியில் எண்ணைக் கொடுத்துவிடும். கணக்கெடுப்பு அட்டவணையைத் திறந்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஆனாலும் என் ஓட்டு அட்டவணைக்குத்தான்.

2001இல் 28 லட்சத்துக்கு மேல், 2011இல் 15 லட்சம் என்று தளங்களில் கிடைத்ததை அப்படியே ஒட்டினால், பத்தாண்டில் பாதிச் சனம் காணாமல் போனதுபோல் இருக்கும். எல்லாரும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்களா என்ன? 2001 அட்டவணையில் தாலுகா தாலுகாவாக விரலை ஓட்டிப் பாருங்கள்: ஓசூரும் கிருஷ்ணகிரியும் தர்மபுரிக்குக் கீழேயே இருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தானே! வெறும் மொத்த எண்ணில் இந்தச் சூட்சுமம் தெரியாது.

சரி, மாவட்டம் பிரிந்த தேதி மட்டும் வேண்டுமென்றால், அன்றைய செய்தித்தாளே போதும்.